ஓலை வாசிப்பதற்கு முன் பேச வேண்டியவை

திருமணத்துக்கு முன் இருவர் தமக்குள் பேசாமல் விட்டவை, ஏழெட்டு ஆண்டுகள் கழித்து அவர்களுடைய பிள்ளையின் வயிற்று வலியாகவும் முடிக்காத வீட்டுப்பாடமாகவும் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேருகின்றன. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையை ஒட்டி, தமிழும் மலையாளமும் ஒரே வகுப்பறையில் கலந்து ஒலிக்கும் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் நடக்கும் திருமண முன்தயாரிப்பு வகுப்பில் ஓர் அமர்வையும் நடத்தி வருகிறேன். பிள்ளைகளையும், இன்னும் பிள்ளை பெறாத வருங்காலத் தாய் தகப்பன்மாரையும் ஒரே வாரத்துக்குள் சந்திக்கும் வாய்ப்பு எல்லோருக்கும் அமைவதில்லை. அந்த வாய்ப்பினால் எனக்குள் உறுதிப்பட்ட ஒரு கருத்தைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். கணவனும் மனைவியும் ஒரு மனத்தாங்கலை எப்படிப் பேசி முடிப்பது என்று பழகிக்கொள்வதே பிள்ளை வளர்ப்பின் முதல் பாடம். அதைப் பழகுவதற்கு மிகவும் தோதான காலம், உறுதிக்கும் (நிச்சயதார்த்தத்துக்கும்) கல்யாணத்துக்கும் இடைப்பட்ட அந்தச் சில மாதங்கள்.

எங்கள் விளவங்கோடு வட்டாரத்தில் கல்யாண ஆயத்தத்துக்குக் குறை சொல்ல முடியாது. பெண் பார்த்துப் பேசி முடித்த நாளிலிருந்து இரண்டு வீட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம் திறக்கப்படுகிறது. மண்டபத்துக்கு முன்பணம், பட்டுக்கு நாகர்கோவிலா திருவனந்தபுரமா என்ற விவாதம், எத்தனை பவன் நகை என்ற பேரம், சமையலுக்கு ஆள், ஆல்பத்துக்கு ஆள் என்று பக்கங்கள் நிறைகின்றன. கல்யாணம் முடிந்ததும் அடுக்களை காணல் என்றொரு சடங்கு. பெண் வீட்டார் வேன் பிடித்து, பாத்திரங்களும் பீரோவும் பிரிட்ஜும் ஏற்றிக்கொண்டு, தங்கள் மகள் சமைக்கப்போகும் அடுக்களையைப் பார்க்க வருகிறார்கள். அந்த அடுக்களையில் யார் சொல் எடுபடும், அவள் வேலைக்குப் போனால் காலையில் யார் அடுப்பு பற்றவைப்பார்கள், அவளுக்கும் மாமியாருக்கும் ஒரு கசப்பு வந்தால் அவன் எங்கே நிற்பான் என்று வந்தவர்களில் ஒருவரும் கேட்பதில்லை.

மதம் எதுவானாலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். இந்து வீடுகளில் தினம், கணம் தொடங்கி ரஜ்ஜு, வேதை வரை பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். கிறிஸ்தவர்களான எங்களிடம் ஞாயிறு திருப்பலியில் மூன்று வாரம் ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்து, ‘தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்’ என்று அறிவிக்கிறார்கள். தக்கலைப் பக்கத்து இஸ்லாமியக் குடும்பங்களில் ஜமாஅத் விசாரிக்கிறது. இவையெல்லாம் கல்யாணத்துக்குத் தடை உண்டா என்று பார்க்கும் ஏற்பாடுகள். அந்த இருவரும் ஒருவரோடொருவர் வாய் திறந்து பேசத் தெரிந்தவர்களா என்று பார்க்க ஓர் ஏற்பாடும் கிடையாது.

கத்தோலிக்கத் திருச்சபை இதை எண்ணிப் பார்க்காமல் இல்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் குடும்பத்தைப் பற்றி 1981-இல் வெளியிட்ட ஏட்டில், திருமணத் தயாரிப்பைத் தொலைதூரத் தயாரிப்பு, அண்மைத் தயாரிப்பு, உடனடித் தயாரிப்பு என்று மூன்று கட்டங்களாகப் பிரித்திருக்கிறார். அவற்றில் முதல் கட்டம் சிறு வயதிலேயே, பெற்றோரின் வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. அதாவது, தாயும் தகப்பனும் நடந்துகொள்ளும் முறைதான் பிள்ளையின் கல்யாணத்துக்கான முதல் வகுப்பு. நாங்கள் நடத்துவது மூன்றாம் கட்டம் மட்டும். அதுவும் சான்றிதழ் இல்லாமல் ஓலை வாசிக்க மாட்டார்கள் என்பதற்காக வந்து உட்காருபவர்களுக்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரள மகளிர் ஆணையமும் அம்மாநிலச் சிறுபான்மையினர் நலத் துறையும் திருமணத்துக்கு முந்தைய ஆலோசனை வகுப்புகள் நடத்துகின்றன. மலேசியாவில் முஸ்லிம்கள் நிக்காஹுக்கு முன் இப்படியொரு வகுப்பை முடித்தே ஆக வேண்டும். ஆனால் கட்டாயப்படுத்தி உட்கார வைப்பதனால் மட்டும் காது திறந்துவிடாது. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்து, கல்யாணத்தை முடித்துக்கொண்டு திரும்பிப் போவதற்கான விமானச் சீட்டையும் கையில் வைத்திருக்கும் பையன் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “சர்ட்டிபிகேட் எப்ப கிடைக்கும் டீச்சர்?”

இனி பிள்ளைகளைப் பற்றி. தாய் தகப்பன் சண்டை போட்டால் பிள்ளை கெட்டுப்போகும் என்று பொதுவாகச் சொல்கிறோம். அமெரிக்காவின் நோட்ரடாம் பல்கலைக்கழகத்தில் மார்க் கம்மிங்ஸ் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் இதையே ஆராய்ந்தவர். அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்டது, சண்டை நடந்ததா என்பதைவிட அது எப்படி முடிந்தது என்பதே பிள்ளைக்கு முக்கியம் என்பது. வாக்குவாதம் செய்த இருவர் சமாதானமாகி முடிப்பதைக் கண்ட பிள்ளைகளின் பதற்றம் பெருமளவு அடங்கிவிடுகிறது. அறைக்குள்ளே போய்ச் சமாதானமாகிவிட்டு வெளியே வந்து ‘நாங்கள் பேசித் தீர்த்துக்கொண்டோம்’ என்று எடுத்துச் சொன்னாலும் பிள்ளைக்கு அது உதவுகிறது. மாறாக, வாய் திறக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடமாடும் வீட்டில், கத்திச் சண்டை போடும் வீட்டுக்குச் சற்றும் குறையாமல் பிள்ளை கலங்குகிறது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊரின் ஒரு பெருமைப் பேச்சு நினைவுக்கு வந்தது. “எங்க வீட்டுல சண்டையே கிடையாது. கோவம் வந்தா பேச மாட்டோம், அவ்வளவுதான்” என்று நல்ல குடும்பத்துக்கு இலக்கணம்போலச் சொல்வார்கள். அந்தப் பேசாத நாட்களில் வீட்டின் அஞ்சல்காரர் வேலை பிள்ளைக்கு வந்து விடுகிறது. சோறு எடுத்து வைத்திருக்கிறது என்று அப்பாவிடம் சொல், கரண்டு பில் கட்டியாயிற்றா என்று அம்மாவிடம் கேள் என்று இரண்டு பேருக்கும் நடுவில் அது ஓடுகிறது. ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டு சேர்ப்பதற்குள், கோபம் குறையும்படி சொற்களை மாற்றிச் சொல்லவும் கற்றுக்கொள்கிறது.

‘குழந்தை தூங்குகிறது’ என்று நம்பிப் பேசுகிறவர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. ஓரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலிஸ் கிரஹாமும் உடன் பணியாற்றியவர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 6 முதல் 12 மாதம் வரையிலான 20 குழந்தைகளை, அவர்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே மூளை ஸ்கேன் எடுத்தார்கள். ஓர் ஆணின் குரல், பொருளில்லாத வாக்கியங்களைக் கோபமாகவும் மகிழ்ச்சியாகவும் சாதாரணமாகவும் சொல்லும் ஒலிப்பதிவை அந்தத் தூக்கத்தில் கேட்கச் செய்தார்கள். பெற்றோரிடையே பிணக்கு அதிகம் என்று தாய்மார் தெரிவித்த வீட்டுக் குழந்தைகளின் மூளையில், உணர்ச்சியையும் மன அழுத்தத்தையும் கையாளும் பகுதிகள் அந்தக் கோபக் குரலுக்குக் கூடுதலாகத் துலங்கின. சிறிய ஆய்வுதான், இருபது குழந்தைகளை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் தொட்டில் ஆடும் அறையில் குரலை உயர்த்துவதற்கு முன் ஒரு கணம் யோசிக்க இது போதும்.

வகுப்பறையில் நான் காண்பதைச் சொல்கிறேன். எந்தக் குழந்தையையும் யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால், பல பிள்ளைகளிடம் கண்டதை ஒருத்தியின்மேல் ஏற்றிச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்புச் சிறுமி. மனக்கணக்கில் கெட்டிக்காரி. ஆனால் நேற்றுச் சொல்லிக்கொடுத்த செய்யுள் இன்று நினைவில் இருக்காது. வராந்தாவில் யாராவது சற்று வேகமாக நடந்து போனால், அவள் தலை புத்தகத்திலிருந்து நிமிர்ந்துவிடும். ஒருநாள் பேச்சுவாக்கில் அவள் சொன்னாள், அப்பா முற்றத்தில் வண்டிக்கு ஸ்டாண்டு போடும் சத்தத்திலேயே அவர் எப்படி வந்திருக்கிறார் என்று தனக்குத் தெரியுமாம். மெதுவாகப் போட்டால் பயமில்லை, ஒரே உதையில் போட்டால் தம்பியைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போய்விட வேண்டுமாம். இதை அவள் வருத்தத்தோடு சொல்லவில்லை. தான் கண்டுபிடித்த ஒரு சூத்திரத்தை விளக்குவதுபோலச் சொன்னாள். மனப் பாதுகாப்பு பற்றிய கோட்பாடொன்றை பாட்ரிக் டேவிஸும் கம்மிங்ஸும் 1994-இல் முன்வைத்தபோது சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: பெற்றோருக்கிடையிலான உறவு நிலைக்குமா என்ற சந்தேகம் வந்துவிட்டால், பிள்ளை தன் கவனத்தையும் வலுவையும் அதைக் காவல் காப்பதிலேயே செலவிடுகிறது. செய்யுளுக்கு மிச்சம் எதுவும் இருப்பதில்லை. ஆசிரியர்கள் அதற்குக் கவனக்குறைவு என்று பெயரிட்டு, பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்கிறார்கள்; அன்று மாலை அந்த வண்டியின் ஸ்டாண்டு எந்த வேகத்தில் போடப்படும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் கல்யாணத்துக்கு முன் எதைக் கற்றுக்கொடுப்பது? மனப் பொருத்தம் என்று எல்லோரும் தேடுவதை நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தம்பதியரின் பேச்சைப் பல ஆண்டுகள் பதிவுசெய்து ஆராய்ந்த ஜான் காட்மன், கணவன் மனைவிக்கிடையே வரும் கருத்து வேறுபாடுகளில் 69 சதவீதம் கடைசி வரை தீராதவை என்று கணக்கிட்டார். சேர்ந்து வாழ்பவர்களுக்கும் அவை தீருவதில்லை; அவர்கள் அந்தத் தீராத விஷயத்தை அவமதிப்பு இல்லாமல் திரும்பத் திரும்பப் பேசத் தெரிந்தவர்கள், அவ்வளவுதான். குற்றம் சாட்டுவது, இளக்காரம் செய்வது, தன்னை மட்டும் நியாயப்படுத்துவது, கல்போல் உட்கார்ந்துவிடுவது என்ற நான்கையும் அவர் ஆபத்து அறிகுறிகளாகச் சொன்னார். அவற்றில் மிக மோசமானது இளக்காரம். நம் ஊரில் அது எந்த வடிவத்தில் வரும் என்று வகுப்பில் கேட்டால், பெண் பிள்ளைகள்தான் முதலில் பதில் சொல்வார்கள்: “உன்னை வளர்த்த லட்சணம் தெரியாதா.” இந்த ஒரு வாக்கியத்தை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டேன் என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்டாலே போதும், அந்த அமர்வு வீண் போகவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

ஆனால் என் அமர்வின் பெரும் பகுதி பணத்தைப் பற்றியது. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்து என்ற பழமொழியைச் சிரித்துக்கொண்டே சொல்கிறோம்; அந்தப் பொய்களில் பாதிக்கு மேல் பணத்தைப் பற்றியவை. நிச்சயித்த இருவரையும் தனித்தனியாக உட்கார வைத்து, ஆளுக்கொரு தாளில் வருமானம், கடன், யாருக்கு மாதாமாதம் பணம் கொடுக்க வேண்டும், நகை யார் பொறுப்பில் இருக்கும் என்று எழுதச் சொல்லி, பிறகு தாள்களை மாற்றிக்கொள்ளச் சொல்வேன். ஒருமுறை ஒரு பையன் கடன் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தான். அந்தப் பெண் தாளைப் படித்துவிட்டு, தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கியது என்னவாயிற்று என்று கேட்டாள். “அது வீட்டுக் கடன், என் கடன் இல்ல” என்றான். அவள் சற்று நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அத அடைக்கது யாரு?” என்றாள். “நான்தான்” என்று அவன் சொன்னதும் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவனும் சிரித்தான், பேனாவை எடுத்து ‘இல்லை’ என்பதை அடித்துவிட்டுத் தொகையை எழுதினான். அதே உண்மை, கல்யாணம் முடிந்து ஓராண்டு கழித்து, கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட இரவில், மருந்துக்குப் பணம் எடுக்கப் போகும்போது வெளிப்பட்டிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

சீதனத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தின்படி கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். குறைந்தது 5 ஆண்டு சிறை என்று சட்டம் சொல்கிறது. எங்கள் பகுதியில் அதற்கு ‘பிள்ளைக்குப் போடுறது’ என்று அன்பான ஒரு பெயர் வைத்துக்கொண்டு தாராளமாகவே நடத்துகிறோம். இதில் பிள்ளைக்கு வரும் பாதிப்பு பலருடைய கண்ணில் படுவதில்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருகிறாள். பேசிய பவனில் பாக்கி இருந்தால், குழந்தை பிறந்த பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு போக வருவது தள்ளிப்போகிறது. இன்றைக்கு, அடுத்த மாதம், சிட்டி (சீட்டுப் பணம்) விழுந்ததும் என்று இழுக்கும் அந்த மாதங்களில், குழந்தை குப்புற விழுகிறது, தவழ்கிறது, முதல் சொல்லைச் சொல்கிறது. தகப்பன் இதையெல்லாம் கைபேசித் திரையில் பார்க்கிறான். தாய் எந்த நேரமும் அழுத முகத்தோடு பால் கொடுக்கிறாள். பெரியவர்கள் இதை இரண்டு குடும்பத்துக்கு இடையிலான கணக்கு என்று நினைக்கிறார்கள். அந்தக் கணக்கின் வட்டி முழுவதும் கைக்குழந்தையின் பெயரில் ஏறுகிறது.

வளைகுடா வேலையைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். இந்த வட்டாரத்தில் ரப்பர் விலை இறங்கிய ஆண்டுகளில் எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு அந்தப் பணத்தில்தான் நடந்தது. ஆனால் எத்தனை ஆண்டு அங்கே இருப்பது, மனைவியைக் கூட்டிக்கொண்டு போக முடியுமா, முடியாவிட்டால் அவள் எந்த வீட்டில் இருப்பாள், பிள்ளையின் பள்ளிக்கூடத்தையும் மருத்துவத்தையும் முடிவு செய்யும் உரிமை அவளுக்கு உண்டா அல்லது ஒவ்வொன்றுக்கும் மாமனாரிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்ற கேள்விகளை விடுமுறை முடிவதற்குள் அவசர அவசரமாகக் கல்யாணம் செய்கிறவர்கள் கேட்டுக்கொள்வதில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு வரும் பாட்டா, பேத்தியின் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, “இத அவன்கிட்ட சொல்லிராதீங்க டீச்சர், அங்க கெடந்து கவலைப்படுவான்” என்று கேட்டுக்கொள்கிறார். தாயும் தலையசைக்கிறாள். கடல் கடந்து இருக்கும் தகப்பனுக்கு நல்ல செய்தி மட்டுமே போக வேண்டும் என்ற ஏற்பாட்டை அந்த வீட்டில் எல்லோரும் கட்டிக் காக்கிறார்கள். தன்னுடைய கஷ்டத்தைத் தகப்பனிடம் சொல்லக் கூடாது என்பதையும் அந்தப் பிள்ளை சேர்த்தே கற்றுக்கொள்கிறது.

உடல் சார்ந்த தயாரிப்பை எங்கள் வகுப்பில் ஒரு செவிலியர் எடுத்துச் சொல்வார். இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. பல பெண்களுக்கு அப்போது தாங்கள் கர்ப்பமாக இருப்பதே தெரியாது. ஆகவே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். கல்யாணப் பட்டியலில் அந்த மாத்திரைக்கும் ஒரு வரி ஒதுக்கலாம். ரூபெல்லா தடுப்பூசி போடாத பெண்கள் அதைக் கல்யாணத்துக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது, ஏனெனில் ஊசி போட்ட பிறகு ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது. இரத்தசோகையை 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினரிடம் கண்டது. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுத் திருமணங்களில் 28 சதவீதம் இரத்த உறவுக்குள் நடந்தவை. கேரளத்தில் இது மிகக் குறைவு. அத்தை மகன், மாமன் மகள் உறவில் பிறக்கும் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன என்பதையும் சொல்லிவிட்டுத்தான், குடும்பத்தில் அப்படியொரு நோய் இருந்தால் மரபியல் மருத்துவரைப் பாருங்கள் என்று செவிலியர் முடிப்பார். முறைப்பெண்ணை நிச்சயித்து வைத்திருப்பவர்கள் அந்த நேரத்தில் தரையைப் பார்ப்பார்கள்.

இந்த வகுப்புகளால் உண்மையில் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்க அரசு 2000-களில் வருமானம் குறைந்த, திருமணமாகாத, குழந்தை பெற்ற அல்லது பெறவிருந்த ஜோடிகளுக்காக எட்டு இடங்களில் உறவுப் பயிற்சி வகுப்புகளை நடத்தி, மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தது. சேர்ந்திருப்பதிலோ உறவின் தரத்திலோ மொத்தத்தில் மாற்றம் இல்லை. பிள்ளைகளின் நடத்தைச் சிக்கல்கள் மட்டும் சிறிதளவு குறைந்திருந்தன. வகுப்பைத் தாயத்துபோலக் கட்டிக்கொண்டு போக முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் இன்னொரு ஆய்வும் உண்டு. கலிபோர்னியாவில் பிலிப் கோவனும் கரோலின் கோவனும், மூத்த பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவிருந்த பெற்றோரைச் சிறு குழுக்களாக 16 வாரம் சந்திக்கச் செய்தார்கள். சில குழுக்களில் பிள்ளை வளர்ப்புக்கு அழுத்தம் கொடுத்தார்கள்; மற்றவற்றில் கணவன் மனைவி உறவுக்கு அழுத்தம் கொடுத்தார்கள். முதல் வகையில் பிள்ளையை நடத்தும் முறை மேம்பட்டது, தம்பதியரின் உறவு அப்படியே இருந்தது. இரண்டாவது வகையில் உறவும் மேம்பட்டது, பிள்ளையை நடத்தும் முறையும் சேர்ந்தே மேம்பட்டது. பத்து ஆண்டு கழித்தும் அந்தப் பிள்ளைகளிடம் பலன் தெரிந்தது. பிள்ளை வளர்ப்புக் கூட்டங்களுக்கு ஓடி ஓடிப் போகும் பெற்றோரிடம் நான் சொல்ல விரும்புவது இந்த ஆய்வைத்தான்.

“நாங்க எந்த வகுப்புக்குப் போனோம், எங்க பிள்ளைகள் வளரலையா?” என்று கேட்கும் பெரியவர்களுக்குப் பாதி உரிமை உண்டு. அவர்கள் காலத்தில் தாய் தகப்பன் முகம் சரியில்லாத நாளில், பிள்ளை வேலி தாண்டிச் சித்தி வீட்டில் மரச்சீனிக் கிழங்கு தின்றுவிட்டு அங்கேயே தூங்கிவிடும். இன்று ஆளுயர மதிலுக்குள் நான்கு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் அந்தத் தப்பும் வழி அடைபட்டுவிட்டது. மீதிப் பாதியில் நான் அவர்களோடு ஒத்துப்போக மாட்டேன்; அந்தக் காலத்துப் பிள்ளைகளும் சத்தமில்லாமல் பட்டவைதான், கேட்க ஆள் இல்லை.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். பிரிந்துபோன பெற்றோரின் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பது என் வாதம் அல்ல. ஃபெலிட்டி, ஆண்டா என்ற மருத்துவர்கள் சான் டியாகோவில் நடத்தி 1998-இல் வெளியிட்ட, சிறுவயதுத் துன்பங்களுக்கும் பிற்கால நோய்களுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய ஆய்வில், தாய் அடிபடுவதைப் பார்த்து வளர்வதும் வீட்டில் குடிப்பவர் இருப்பதும் பிள்ளைக்கு நேரும் துன்பங்களாகவே கணக்கிடப்பட்டன. அடியும் குடியும் உள்ள வீட்டில், ‘பிள்ளைக்காகப் பொறுத்துக்கொள்’ என்ற அறிவுரை பிள்ளைக்கு எதிரானது. கல்யாணத்துக்கு முன்பே அது தெரிய வந்து நின்றுபோனால் இன்னும் நல்லது. எங்கள் வகுப்பில் உட்கார்ந்து எழுதிப் பார்த்த ஒரு ஜோடி, ஓலை வாசிப்பதற்கு முன்பே வேண்டாம் என்று முடிவெடுத்தது. மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் போயிற்று. இரண்டு வீட்டாரும் என்னைக் ‘கல்யாணம் முடக்கி’ என்று கொஞ்ச காலம் அழைத்தார்கள். முன்பணத்தை இழந்தது குறைந்த நஷ்டம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மூன்று நாள் வகுப்பில் கல்யாணக் கனவோடு உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பாதிதான் காதில் விழும் என்பது உண்மை. குழந்தை பிறந்த பிறகு, தூக்கம் கெட்டு, செலவு கூடி, இரண்டு வீட்டாரும் ஆளுக்கொரு யோசனை சொல்லும் காலத்தில்தான் அவர்களுக்கு இந்தப் பேச்சு தேவைப்படுகிறது. நல்லவேளையாக, எங்கள் சபையில் குழந்தையின் திருமுழுக்குக்காகத் தாயும் தகப்பனும் மறுபடியும் பங்கு அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும். அப்போது நடக்கும் தயாரிப்பில் ஞானப் பெற்றோர் யார், என்ன பெயர், புகைப்படத்துக்கு யார் என்பவை பேசப்படுகின்றன. அந்த அமர்வோடு ஒரு மணி நேரம் சேர்த்து, கல்யாணத்துக்கு முன் அவர்கள் எழுதிய அதே தாள்களைத் திருப்பிக் கொடுத்து, கடன், வேலை, யாருடைய வீட்டில் இருப்பது, கோபம் வந்தால் என்ன செய்வது என்பவற்றை மீண்டும் எழுதச் சொல்லலாம் என்று பங்குத்தந்தையிடம் கேட்டிருக்கிறேன். அவருக்குச் சம்மதம். பாட்டிமார் உள்ளே வரலாமா கூடாதா என்பதில்தான் இன்னும் முடிவாகவில்லை. குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால் வரத்தான் செய்வார்கள், ஆனால் தாளை அவர்கள் கண்ணில் காட்டாமல் எழுதுவதற்குப் பக்கத்து மறைக்கல்வி அறையைத் திறந்து தரும்படி கேட்டிருக்கிறேன்.